அரக்கு நிறத்தில் ஒரு அம்பாசடர்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வளாகத்தில் ஒரு வேப்பமரத்தடியில் அந்தக் காரை முதன்முதலாகப் பார்த்தபோது, அதன் பானட் இடுக்கு வழியாக ஓர் ஆமணக்குச் செடி தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு வழக்கில் பிடித்து வந்து நிறுத்திய அம்பாசடர். வழக்கு முடிந்ததோ, வழக்காடியவர்களுக்கே அலுத்துவிட்டதோ, வண்டியை ஏலத்துக்கு விட்டுவிட்டார்கள். ஏலம் எடுத்தவர் என் வீட்டுக்காரர். நான் பால்கோவா வாங்குவதற்காகத்தான் கூடப் போயிருந்தேன்.

"எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"செடி நல்லா வளந்துருக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். வண்டி விஷயத்தில் விளையாட்டுப் பேச்சு அவருக்குப் பிடிக்காது. செடியை வேரோடு பிடுங்கி எறிந்தார். ஆயில் பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்தார். குனிந்து நாலு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்ஜின் தேறும். பாடிதான் போயிருச்சு" என்று கையைத் துடைத்துக்கொண்டார். வெயிலிலும் மழையிலும் கிடந்து நிறமே தெரியாமல் போன அந்தத் தகரத்தை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இது ஓடினால் இந்த மனுஷன் ஊரில் இருப்பார், ஓடாவிட்டால் போய்விடுவார் என்பது மட்டும்தான் என் மனசில் ஓடியது.

அதைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். எண்பதுகளின் பின்பாதி அது. அவர் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு ராஜபாளையம் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தாலும் நாங்கள் சேர்ந்து வாழ்ந்தது லீவு லீவாகத்தான். பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசியதையெல்லாம் இங்கே எழுதுவதாக இல்லை. பேசியவர்களுக்கு வேறு வேலை இல்லை.

வந்தவர் வீட்டில் இருந்தார், ஆனால் வீட்டுக்காரராக இல்லை, விருந்தாளியாக இருந்தார். காலையில் எழுந்ததும் படுக்கையைச் சுருட்டி மூலையில் நிமிர்த்தி வைப்பார், அன்றைக்கே ரயிலேறப் போகிறவர் மாதிரி. அவர் வருகிறார் என்று அலமாரியில் ஒரு தட்டைக் காலிசெய்து, பேப்பர் விரித்து வைத்திருந்தேன். அது காலியாகவே கிடந்தது. அவருடைய துணிமணியெல்லாம் கட்டிலுக்கு அடியில், வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதிய கறுப்பு இரும்புப் பெட்டிக்குள். சட்டையை எடுப்பார், போடுவார், துவைத்துக் காய்ந்ததும் மடித்து மறுபடியும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அவர் கேள்வி கேட்பதுதான். "உப்பு எங்க இருக்கு?" "தீப்பெட்டி எங்க இருக்கு?" "கத்தரிக்கோல் எங்க இருக்கு?" முதல் மாதம் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். பிறகு, "நேத்து இருந்த எடத்துலதான் இருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் முகம் சுருங்கிவிடும். ஆனாலும் மறுநாள் கேட்பார்.

பட்டாளத்தில் கூட வேலை பார்த்த ஒருத்தர் அவருக்குப் பம்பாயில் ஒரு பாக்டரி கேட்டில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். ஆவணி பிறந்ததும் வந்து சேர வேண்டும். அந்த நேரத்தில்தான் இந்தக் கார். டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு ராஜபாளையம் வந்து வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் நிறுத்திய அன்றைக்கு, அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஆடிப்பூரத்துக்குள்ள வண்டிய ரோட்டுல எறக்கிட்டேன்னா, வாடகைக்கு ஓட்டிக்கிட்டு இங்கயே இருந்துருவேன். இல்லன்னா பம்பாய்."

ஆடிப்பூரம் என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தேரோட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடுகிற கூட்டத்தில் வாடகைக் கார்க்காரர்களுக்கு உட்கார நேரம் இருக்காது. அந்தச் சமயத்தில் முகம் தெரிந்துவிட்டால் வருஷம் முழுக்கக் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூப்பிடுவார்கள்.

எங்கள் தெருவில் பட்டாளத்துக்காரர் வீடுகள் அதிகம். ரயிலேற்றிவிடப் போகிற பெண்களில் ஒருத்தியும் "போகாதீக" என்று சொல்லமாட்டாள். எல்லைக்குப் போகிறவர் காதில் அந்த வார்த்தை விழக்கூடாது, விழுந்தால் போன இடத்தில் ஆகாது என்பார்கள். "போயிட்டு வாங்க" மட்டும்தான். ராஜபாளையம் ஸ்டேஷனில் ஒவ்வொரு லீவு முடியும்போதும் அதைச் சொல்லிச் சொல்லி என் வாய்க்கு அது ஒன்றுதான் பழகியிருந்தது. பம்பாய் எல்லை இல்லை, கேட்டில் நிற்பது சண்டையும் இல்லை. அது எனக்குத் தெரியும். இருந்தும் வாய் வரவில்லை. அதனால் நான் காரைப் பிடித்துக்கொண்டேன்.

இன்ஜினை அவர் சொன்னபடியே எழுப்பிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது புகையைக் கக்கிக்கொண்டு உயிர் பெற்றபோது தெருவே வந்து பார்த்தது. பாடிதான் கண்ணில் விரலை விட்டு ஆட்டியது. கதவுக்குக் கீழே படி மாதிரி வரும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே போய்விடும். மட்கார்டுக்குள் தட்டினால் துரு பொலபொலவென்று கொட்டும். கேஸ் வெல்டிங்காரர் வந்து இற்றுப்போன இடங்களையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, பழைய டிரம் தகட்டை வைத்து ஒட்டிக் கொடுத்தார். நசுங்கிய இடங்களை என் வீட்டுக்காரரே உள்பக்கம் இரும்புக் கட்டையைக் கொடுத்து வெளியே சுத்தியலால் தட்டி எடுத்தார். காலை முழுக்க டங்கு டங்கு என்று அடி. பக்கத்து வீட்டு அக்கா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏமம்மா, உன் வீட்டுக்காரரு வண்டி செய்யிறாரா, வண்டியக் கொல்றாரா?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான்க்கா" என்றேன்.

தென்காசி ரோட்டில் லாரி பாடி கட்டும் பட்டறையில் ஒரு பெயிண்டர் இருந்தார். அவரைக் கூட்டிவந்து காட்டினோம். சுற்றி வந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "தட்டுனதெல்லாம் மோசமில்ல. இனி பட்டி போட்டுத் தேய்ச்சு வைங்க. ஆவணியில வந்து அடிச்சுத் தாரேன்."

"ஆடிப்பூரத்துக்குள்ள வேணும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆடியில நான் பெயிண்ட் கன்னக் கையால தொடமாட்டேன். ஆடியில புது வண்டி எறக்குறவுக உண்டா? சரி, அது கெடக்கட்டும். இந்தக் காத்துல ஊர் மில்லுப் பஞ்செல்லாம் உங்க வண்டி மேலதான் வந்து ஒக்காரும்."

எவ்வளவு சொல்லியும் அவர் மசியவில்லை. கடைசியில் பெயிண்ட் பீய்ச்சுகிற கன்னை மட்டும் வாடகைக்குத் தருவதாக ஒத்துக்கொண்டார். விடிகிற நேரத்தில் காற்று செத்த நேரம் அடங்கும், அப்போது அடித்துக்கொள்ளுங்கள் என்று வழியும் சொல்லிவிட்டுப் போனார். ஆக, பட்டி போடுவதிலிருந்து பெயிண்ட் அடிப்பது வரை நாங்களேதான் என்று ஆயிற்று.

பட்டி என்பது தகரத்தின் மேடுபள்ளத்தை நிரப்புகிற பசை. தட்டையான கத்தியால் மெல்லிசாக இழுத்துப் பூச வேண்டும். காய்ந்ததும் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பூசியதில் முக்கால்வாசி தேய்த்தே போய்விடும். பள்ளத்தில் இருப்பது மட்டும்தான் மிச்சம். சமமான இடத்துக்கு உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளலாம், வளைவுக்கு ரப்பர் வேண்டும். ரப்பருக்கு அவர் என் செருப்பை வெட்டினார். வெட்டியது பழைய ஜோடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போதுதான் தெரிந்தது, பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று.

"ரெண்டும் நீலமாத்தான இருந்துச்சு" என்றார்.

அந்த ஆடி முழுக்க நான் ஜோடி சேராத செருப்போடு நடந்தேன்.

வேலையிலும் அவர் பட்டாளம்தான். ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டும், ஆறுக்குத் தேய்க்க ஆரம்பிக்க வேண்டும், பக்கெட் இந்த இடத்தில், தாள் அந்த இடத்தில். "இது உங்க பட்டாளத்துக் கம்பெனி இல்ல, என் வீட்டுக் கொல்லை" என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன். "கம்பெனியா இருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்று அவரும் விடவில்லை. சண்டை போட்டுக்கொண்டே இரண்டு பேரும் தேய்த்தோம். லீவில் வரும்போதெல்லாம் நாங்கள் சண்டையே போட்டதில்லை. இருக்கிற கொஞ்ச நாளில் எதற்கு என்று பொத்திப் பொத்தி வைத்துக்கொள்வோம். இப்போது போடுகிற சண்டை எனக்கு உள்ளுக்குள் பிடித்தே இருந்தது.

ஒரு சாயங்காலம் டிரைவர் பக்கத்துக் கதவை முடித்துவிட்டதாகச் சொன்னார். வெயில் சாய்வாக விழும்படி நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "பர்ஸ்ட் கிளாஸ்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். நான் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். போகிற போக்கில் கதவில் கையை வைத்துத் தடவினேன்.

"இங்க ஒரு பள்ளம் இருக்கு."

"எங்க?"

"இந்தா, கைப்பிடிக்குக் கீழ."

அவர் குனிந்தார், நிமிர்ந்தார், முகத்தைத் தகரத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல. ஒனக்குப் பிரமை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் வேலை பார்த்தது ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி செய்கிற பாக்டரியில். மேசை மேல் ஓடுகிற துணியில் உள்ளங்கையை வைத்து, முடிச்சு எங்கே, இழை விட்டது எங்கே என்று பார்ப்பதுதான் நாள் முழுக்க என் வேலை. அங்கே கண்ணை நம்பினால் ஆகாது. பைக்குள் கழிவில் எடுத்து வந்த ஒரு துண்டுத் துணி இருந்தது. அதைக் கதவில் விரித்து, அதன் மேல் கையை வைத்து மெல்ல வழித்தேன். துணி இடையில் இருந்தால் கை தகரத்தில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும், சின்ன மேடு பள்ளம்கூடப் பெரிதாகத் தெரியும். பள்ளம் இருந்த இடத்தைச் சாக்பீஸால் வளைத்துக் காட்டினேன்.

அவர் அந்த வளையத்தில் மெல்லிசாகப் பட்டி இழுத்தார். மறுநாள் காலை நான் காபி போட்டுக்கொண்டிருக்கும்போது தேய்க்கிற சத்தம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். சுற்றி எல்லாம் தேய்ந்து பழைய தளம் தெரிய, கைப்பிடிக்குக் கீழே மட்டும் ஒரு ரூபாய் காசு அகலத்துக்குப் புதுப் பட்டி அப்படியே உட்கார்ந்திருந்தது. அங்கே பள்ளம் இருந்ததற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"ஏட்டி, அந்தத் துணியக் கொண்டா" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவில் விரித்து, தன் கையை வைத்துத் தடவினார். "எனக்கு ஒண்ணும் தெரியலயே."

அவர் கை மேல் என் கையை வைத்து மெதுவாக இழுத்தேன். "அமுக்கக் கூடாது. சும்மா போகணும். இப்ப?"

கொஞ்ச நேரம் அப்படியே போனோம். பின் கதவின் நடுவில் வந்தபோது அவர் கை தானாக நின்றது. "இருக்கு" என்றார். அந்தக் குரலில் அவர் என்னிடம் அதுவரை பேசியதில்லை. சுவருக்கு மேலே அக்காவின் தலை தெரிந்ததும் இரண்டு பேரும் கையை எடுத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு முறை மாறிவிட்டது. நான் தடவிச் சாக்பீஸில் வளையம் போட்டுவிட்டு வேலைக்குப் போவேன், அவர் பகலில் பட்டி போட்டுத் தேய்த்து வைப்பார். சாயங்காலம் வாசலில் காத்துக்கொண்டு நிற்பார். "வா வா, வந்து பாரு" என்பார். ஒரு நாள், "கலர் என்னன்னு நீயே சொல்லு" என்றார். இந்தக் கல்யாணத்தில் என்னைக் கேட்டுச் செய்த முதல் காரியம் அதுதான். நான் யோசிக்கவே இல்லை. "அரக்கு" என்றேன். என் கல்யாணப் புடவை அந்த நிறம். அதை நான் சொல்லவில்லை, அவருக்கும் நினைவிருந்ததாகத் தெரியவில்லை.

பிரைமர் அடித்து, அதையும் தேய்த்து, கண்ணாடிகளில் மைதாப் பசையால் பேப்பர் ஒட்டி எல்லாம் தயாரானபோது தேரோட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. பஞ்சர் கடையிலிருந்து காற்று மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிவந்தோம். கரண்டை அக்கா வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டோம். விடிவதற்கு முன் எழுந்து வெளியே வந்தால், பெயிண்டர் சொன்னது போலவே காற்று அடங்கிக் கிடந்தது. மலைப்பக்கம் மட்டும் மேகம் இறங்கியிருந்தது.

பெயிண்ட் அடிக்கும் முன் வண்டியைத் தின்னரால் ஒரு தடவை துடைக்க வேண்டும். தூசி ஒரு பொட்டுக்கூட இருக்கக்கூடாது. அவர் பழைய வேட்டியைக் கையில் எடுத்தார். நான் பிடுங்கி எறிந்தேன். இந்த நாளுக்கென்றே பாக்டரியில் கழித்த துணியில் நல்லதாகப் பார்த்து, சலவை மணம்கூடப் போகாத ஒரு சுருளை வாங்கி வைத்திருந்தேன்.

"இது ஆஸ்பத்திரிக்குப் போற துணி. புண்ணு மேல வைக்கிறது. இதவிட சுத்தமா ஒலகத்துல என்ன இருக்கு?"

அவருக்கும் அது சரியென்றே பட்டது. பள்ளம் கண்டுபிடித்த துணியாயிற்றே. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓர் அங்குலம் விடாமல் துடைத்தோம். பிறகு அவர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கன்னைப் பிடித்தார். பானட்டில் அரக்கு நிறம் விழுந்தபோது சுருளைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றேன். அவ்வளவு அழகாக இருந்தது.

வெளிச்சம் வந்தபிறகுதான் தெரிந்தது. வண்டி முழுக்க முடி. பானட்டில், கூரையில், கதவில், எங்கே பார்த்தாலும் பொடிப்பொடியாக வெள்ளை இழைகள் பெயிண்டில் புதைந்து நிமிர்ந்து நின்றன. நான் விரலால் ஒன்றை எடுக்கப்போய் அங்கே ஒரு கீறலும் விழுந்தது. அவர் என் கையிலிருந்த சுருளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தத் துணியின் நெசவு சல்லடை மாதிரி, வெட்டிய ஓரமெல்லாம் இழை உதிரும். தினமும் சாயங்காலம் பாக்டரி வாசலில் நின்று தலையிலும் புடவையிலும் ஒட்டிய வெள்ளைப் பஞ்சைத் தட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு நடப்பேன். தட்டுகிற கைக்கு ஒரு நாளாவது யோசனை போயிருக்க வேண்டாமா?

பெயிண்டர் கன்னைத் திருப்பி வாங்க வந்தவர் வண்டியைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "நாய்க்குட்டி கணக்கா இருக்கு" என்றார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து, "கன்னு இருக்கட்டும், பொறவு வாங்கிக்கிறேன்" என்று வைத்துவிட்டே போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் பக்கெட்டைக் கவிழ்த்து வைத்தார், தாள்களை அடுக்கினார், கையைக் கழுவினார். நான் வேலைக்குப் போனேன். அன்றைக்கு மேசையில் ஓடிய துணியில் எத்தனை முடிச்சை விட்டேனோ தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது கறுப்புப் பெட்டி கட்டிலின் மேல் திறந்து கிடந்தது. அவர் பட்டாளத்துச் சட்டைகள் இரண்டைக் கஞ்சி போட்டுத் தேய்த்து மடித்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் வேலைக்குப் போட்டுக்கொள்வதற்காகப் பட்டையெல்லாம் பிரித்து எடுத்து வைத்திருந்த டெரிகாட் சட்டைகள். "ஆவணி வரைக்கும் எதுக்கு? முன்னாடியே போயிட்டா ஆகாதா" என்றார். என்னிடம் சொன்னாரோ சட்டையிடம் சொன்னாரோ.

"போயிட்டு வாங்க" என்று பழகிய வாய் எழும்பி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போனேன். பக்கெட்டை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றினேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, டிக்கியிலிருந்து தேய்க்க ஆரம்பித்தேன். காலையில் அடித்த அரக்கு அவ்வளவும் சாயமாக வழிந்து தரையில் ஓடியது. மேலே சாரல் வேறு தூற ஆரம்பித்தது. எனக்கு அழுகையா ஆத்திரமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் வாசலில் வந்து நின்றார். "விடு. சாரல் பிடிச்சிருச்சு. இனி ஆடிப்பூரத்துக்குள்ள முடியாது."

"முடியாட்டிப் போகுது."

"அப்பொறம் எதுக்குத் தேய்க்கிற?"

நான் திரும்பினேன். கையெல்லாம் அரக்கு. "போகாதீக" என்றேன். சொன்ன பிறகு வாயில் அந்த வார்த்தை புதிதாக இருந்தது. அதனால் இன்னொரு தடவையும் சொன்னேன். "வண்டி முடிஞ்சாலும் முடியாட்டியும் போகாதீக. ஒவ்வொரு தடவையும் டேசன்ல நின்னு போயிட்டு வாங்க போயிட்டு வாங்கன்னு சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு. இனி சொல்லமாட்டேன்."

அவர் சாரலில் நனைந்துகொண்டு நின்றார். பிறகு, ரொம்பச் சின்னக் குரலில் கேட்டார்: "வண்டி ஓடலன்னா எனக்கு இங்க என்ன சோலி?"

அப்போதுதான் எனக்கு அது புரிந்தது. இந்த மனுஷனுக்குப் போக ஆசையில்லை. இங்கே இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. காரணம் இல்லாமல் ஓர் இடத்தில் இருக்க அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

"ஒரு சோலியும் வேண்டாம்" என்றேன். "சும்மா இருங்க. உப்பு எங்க இருக்கு, தீப்பெட்டி எங்க இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருங்க. நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்."

அவர் உள்ளே போய்விட்டார். பெட்டி மூடி விழுகிற சத்தம் கேட்டது. பூட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் நிறுத்தவில்லை, தேய்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்து, உள்ளே தையல் மெஷின் டிராயர் இழுபடுகிற சத்தம். அது கொஞ்சம் முரண்டு பிடிக்கும், லேசாகத் தூக்கி இழுக்க வேண்டும். தூக்கித்தான் இழுத்தார்.

வெளியே வந்தபோது அவர் ஒரு கையில் கஞ்சி போட்ட சட்டைகள் இருந்தன. இன்னொரு கையில் கத்தரிக்கோல். கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்று அவர் என்னைக் கேட்கவில்லை.

கூரை இறவாணத்துக்கு அடியில் கல்லில் உட்கார்ந்து, முதலில் பித்தான்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பட்டாளத்துக்காரர் எதையும் வீணாக்கமாட்டார். பிறகு காலரை வெட்டினார், கையை வெட்டினார், முதுகுத் துணியைச் சதுரம் சதுரமாக நறுக்கி முழங்கால் மேல் அடுக்கினார். "டெரிகாட்டு" என்றார். "நூல் உதிராது. தொடைக்க இதுதான் சரி."

நான் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு ஒரு துண்டை எடுத்துத் தடவிப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேல் குடையோடு எட்டிப் பார்த்து, ஏதோ கேட்க வாயைத் திறந்து, கேட்காமலே இறங்கிப் போய்விட்டார்.

ஆடிப்பூரத்துக்கு வண்டி இறங்கவில்லை. கூட்டம் கூட்டமாக பஸ் ஏறிப் போவதை வாசலில் நின்று பார்த்துவிட்டு, நாங்கள் இடது மட்கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். ஆவணி பிறந்து முதல் வாரத்தில், காற்று ஓய்ந்த ஒரு விடியலில், பட்டாளத்துச் சட்டைத் துண்டுகளால் துடைத்து மறுபடியும் அரக்கு அடித்தோம். பெயிண்டர் வந்து பார்த்துவிட்டு உள்ளங்கையால் கூரையைத் தடவினார். "ஆவணியில அடிச்சாத்தான் நிக்கும்னு அன்னைக்கே சொன்னேன்ல" என்று பெருமையைத் தனக்கே எடுத்துக்கொண்டு போனார். போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

முதல் சவாரியாக அக்கா குடும்பத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். கோர்ட்டு வாசலைத் தாண்டும்போது அவர் வேகத்தைக் குறைத்தார். பம்பாய்க்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டதை அப்போதுதான் போகிற போக்கில் சொன்னார். கறுப்புப் பெட்டி அன்றைக்கு டிக்கியில் ஜாக்கியும் ஸ்பேனரும் சுமந்துகொண்டு எங்களோடு வந்தது. அவர் சட்டைகள் அலமாரித் தட்டில் இருந்தன.

வண்டி பல வருஷம் ஓடியது. தொண்ணூறுகளில் அதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினோம். அவர் மட்டும் மாறவில்லை. இப்போதும் சில நாள் அடுக்களையில் உப்பு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டே நின்று, என்னைப் பார்த்து, "உப்பு எங்க இருக்கு?" என்று கேட்பார்.

நேத்து இருந்த எடத்துலதான் இருக்கு என்று நானும் சொல்வேன்.